கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட கேள்வி

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்த முதல் காரியம், அந்தச் சின்ன அறையின் கதவைச் சாத்தியதுதான். அதற்கு முன் ஏழு வருஷம் அந்தக் கதவு திறந்தே கிடந்தது. அதன் தாழ்ப்பாள் துருப்பிடித்து நகராமல் நின்றுவிட்டது என்பதுகூட எனக்குத் தெரியாது. அவள் ஆளைக் கூப்பிட்டு எண்ணெய் விடச் சொன்னாள். ஒரு கதவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அடுத்த மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது.

செகந்திராபாத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அதில் சிறுநீரக மாற்றுப் பிரிவில் நாங்கள் இருவரும் கோ-ஆர்டினேட்டர்கள். நோயாளிக்குக் கிட்னி கொடுக்க முன்வரும் உறவினரைப் பரிசோதனைகளுக்கு அனுப்புவது, காகிதங்களைச் சேர்ப்பது, கடைசியில் அவரைத் தனியாக உட்கார வைத்து, மனமொப்பித்தான் கொடுக்கிறாரா என்று கேட்டு எழுதுவது, இதுதான் வேலை. 'தனியாக' என்று படிவத்தில் அச்சடித்தே இருந்தது. நான் அந்த வார்த்தையை ஏழு வருஷமும் தாண்டிக்கொண்டே போயிருக்கிறேன். மனைவி கொடுக்கிறாள் என்றால் புருஷனும் மாமியாரும் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். கேள்வியை நான் கேட்பேன், பதிலை மாமியார் சொல்வார், அந்தப் பெண் தலையாட்டுவாள், நான் டிக் அடிப்பேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். காட்பாடிப் பக்கமிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தெருவில் ஹிந்தியும் உருதுவும் கலந்த ஒரு பாஷை. மூன்றும் எனக்கு ஒன்றுதான். அதே மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தவள், இந்தப் பாஷை பலத்தாலேயே கோ-ஆர்டினேட்டர் ஆனேன். லாலாகுடா, மெட்டுகுடா பக்கத்துத் தமிழர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் டாக்டர் பெயரைக் கேட்க மாட்டார்கள். "நம்ம பொண்ணு ஒண்ணு இங்க வேலை செய்யுதே, அது எங்க?" என்றுதான் கேட்பார்கள். அந்த 'நம்ம பொண்ணு' என்ற வார்த்தைக்காக நான் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடுவேன்.

அவள் கோயமுத்தூர்க்காரி. என்னைவிட எட்டு வயது சின்னவள். அங்கே சமூகப் பணியில் மேல்படிப்பு படித்து, மருத்துவ அறம் என்று ஒரு தனிப் படிப்பும் முடித்திருந்தாள். புருஷனுக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. காலையில் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். கஞ்சி போட்ட காட்டன் புடவை சாயங்காலம் வரைக்கும் மடிப்பு கலையாது. நான் பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கும்போது அவள் அப்போதுதான் இஸ்திரிப் பெட்டியிலிருந்து இறங்கியவள்போல் நிற்பாள். தெலுங்கு ஒரு வார்த்தை வராது. ஆனாலும் நோயாளிகள் அவளைத் தேடி வந்தார்கள்.

என் வயிறு எரிந்தது புடவைக்காகவோ காருக்காகவோ இல்லை. எங்கள் பிரிவின் தலைமை மருத்துவர் தெலுங்கர். ஏழு வருஷமாக என்னிடம் தெலுங்கில்தான் பேசுவார். "அம்மா, ஆ ஃபைல் தீஸ்குரா" என்பார், நான் ஃபைலை எடுத்துக்கொண்டு போவேன். அவளிடம் ஆங்கிலத்தில் பேசுவார். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பார். ஏழு வருஷத்தில் என்னை யாரும் என்ன நினைக்கிறாய் என்று கேட்டதில்லை. அவளை, வேலைக்குச் சேர்ந்த பத்தாம் நாளே கேட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு கூட்டம் நடக்கும். டாக்டர்கள், நர்ஸ்கள், மனநல மருத்துவர், நாங்கள் இருவர். சிக்கலான நோயாளிகளைப் பற்றி அங்கே பேசி முடிவெடுப்பார்கள். ஒரு வாரம், டயாலிசிஸை நிறுத்திவிடச் சொல்லும் வயதான ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தது. மகன்கள் இருவரும் நிறுத்தக் கூடாது என்கிறார்கள். "பெத்த பிள்ளைங்க சொல்றப்போ நாம யாருங்க நடுவுல?" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் மட்டும் என்னைப் பார்த்து, "வாத்தியாருகிட்ட ஏன் நிறுத்தச் சொல்றீங்கன்னு யாராச்சும் கேட்டீங்களாக்கா?" என்றாள். யாரும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் அவள் போய்க் கேட்டாள். ஊசி குத்தும் இடத்தில் வலி தாங்க முடியவில்லை, வலி குறைந்தால் தொடரலாம் என்றாராம். வலியைக் குறைத்தார்கள், அவர் தொடர்ந்தார். அடுத்த வியாழக்கிழமை டாக்டர் அவளை எல்லார் முன்னாலும் பாராட்டினார். எனக்குக் காதில் புகை வந்தது.

ஒவ்வொரு பிரச்சினையையும் அவள் நாலு கேள்வியாகப் பிரித்துப் பலகையில் எழுதுவாள். முடிவு யாருடையது? அவருக்கு விஷயம் முழுசாகத் தெரியுமா? 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு வழி இருக்கிறதா? சொன்னால் அதனால் யார் அடிபடுவார்கள்? 'பெரிய கண்டுபிடிப்பு' என்று நான் நர்ஸ் ஒருத்தியின் காதில் முணுமுணுத்தேன். வீட்டுக்குப் போனதும் அந்த நாலு கேள்வியையும் என் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பக்கத்தை மடித்தும் வைத்தேன்.

பிறகு அவள் ஒரு புது யோசனை சொன்னாள். கொடுக்க வருபவரிடம் கதவைச் சாத்திவிட்டுப் பேச வேண்டும். உனக்கு விருப்பமில்லை என்றால் சொல், உன் வீட்டாரிடம் பரிசோதனையில் பொருந்தவில்லை என்று மட்டும் சொல்வோம், காரணம் இந்த அறையைத் தாண்டாது என்று வாக்குக் கொடுக்க வேண்டும். நான் எகிறினேன். "வீட்டுக்காரங்ககிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா? நோயாளி உயிருக்குப் போராடுறான். அவங்கம்மா நம்மள நம்பி வந்திருக்காங்க. அவங்க மூஞ்சியப் பாத்து ஆஸ்பத்திரியே பொய் சொல்லலாமா?" என்றேன். அவள் நிதானமாக, "பொய்தானுங்க்கா. நல்ல பொய்யின்னு நான் சொல்லல. ஆனா அந்தப் பொய் இல்லாட்டி, வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கு வேற வழி என்னங்க இருக்குது?" என்றாள். டாக்டர் அவள் பக்கம் சாய்ந்தார்.

அன்றைக்கு நான் கேட்டது நியாயமான கேள்வி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பொய் பொய்தான். ஆனால் நான் உண்மைக்காகப் பேசவில்லை. அவளுக்கு எதிராகப் பேசினேன். அவள் கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தால், நான் தாழ்ப்பாளுக்காக வாதாடியிருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் காலனியிலிருந்தே ஒரு குடும்பம் வந்தது. நாங்கள் இருந்த வரிசையில் நாலு வீடு தள்ளி அவர்கள் வீடு. அப்பா ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிடுவேன். ரத்த சம்பந்தம் இல்லை, காலனிப் பழக்கம். என் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது அத்தைதான் தினமும் ரசம் சாதம் கொண்டுவந்தார். மகன் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மடியில் லேப்டாப்பை வைத்து ஒரு கையால் தட்டிக்கொண்டே படுத்திருப்பான். அத்தைக்குச் சர்க்கரை வியாதி, மாமாவுக்கு ரத்த வகை சேரவில்லை. மிச்சம் இருந்தது தங்கை. இருபத்திரண்டு வயது. அண்ணனின் ரத்த வகையேதான்.

தங்கையிடம் முதல் பேச்சு நான் பேசினேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ரசம் கொண்டுவந்தவரை எழுந்து வெளியே போங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் இல்லாமல், நம் ஆட்கள்தானே, இவர்களுக்கு எதற்கு இந்தச் சடங்கெல்லாம் என்று நினைத்தேன். "உனக்கு சம்மதமாம்மா?" என்று கேட்டேன். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் எங்கள் காலனிப் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. "இஸ்தானு அக்கா" என்றாள். தருகிறேன் என்று. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன்னா உசுரு அதுக்கு" என்றார். நான் டிக் அடித்தேன். சரியாக நாலு நிமிஷம் ஆனது.

விதிப்படி இரண்டாம் முறை வேறு ஆள் பேச வேண்டும். அது கோயமுத்தூர்க்காரி. அத்தையை வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். முக்கால் மணி நேரம். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் சரியாகப் பேச வராத பெண்ணிடம், தெலுங்கு தெரியாத இவள் என்ன அவ்வளவு பேசுகிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு நாள் கழித்து ஃபைலில் டாக்டர் கையெழுத்தோடு 'பொருந்தவில்லை' என்று வந்தது.

அத்தை நேராக என்னிடம்தான் ஓடி வந்தார். "இன்னாமா இது, அன்னைக்கு எல்லாம் சரியா கீதுன்னாங்க, இப்ப சேரலன்றாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஃபைலை எடுத்து ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினேன். எல்லாம் நன்றாக இருந்தது. கடைசிப் பரிசோதனையும் பொருந்தித்தான் இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். காகிதம் படிக்கத் தெரியாமல் ஒரு குடும்பத்தின் தலையில் கல்லைப் போட்டுவிட்டாள், படிப்பும் பட்டமும் இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

"ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு அத்தை. யாரோ தப்பு பண்ணியிருக்காங்க. நான் பாத்துக்கறேன், நீங்க தைரியமா போங்க" என்றேன்.

ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அந்தப் பொய்யைப் பற்றி வியாழக்கிழமைக் கூட்டத்தில் வாய் கிழியப் பேசியவளே நான்தான். எனக்குத் தோன்றவே இல்லையா, தோன்ற வேண்டாம் என்று நானே இருந்துவிட்டேனா என்பது இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். என் முறை வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. "இந்த கேஸ்ல என்ன பொருந்தலன்னு தெரிஞ்சுக்கலாமா? எல்லா ரிப்போர்ட்டும் சரியா இருக்கு" என்று ஃபைலை விரித்துக் காட்டினேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவள் மட்டும் மெதுவாக, "மீட்டிங் முடிஞ்சு பேசலாங்களாக்கா?" என்றாள். "ஏன், இங்கயே சொல்லுங்களேன்" என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தில் ஈயாடவில்லை.

வராந்தாவில் அவள் என்னைத் தனியாக நிறுத்தினாள். அப்போதும் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. "அவங்கம்மாகிட்ட ஏதாச்சும் சொல்லிப்போட்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். "நான் எதுக்குச் சொல்றேன்" என்றேன். பொய் சொல்லக் கூடாது என்று போன மாதம் வாதாடியவள் நான்.

சனிக்கிழமை காலையில் அந்தப் பெண் தனியாக வந்தாள். ஸ்கூட்டியில் போகும் பெண்கள் கட்டுவதுபோல் துப்பட்டாவை முகம் முழுக்கச் சுற்றியிருந்தாள். உள்ளே வந்து அதை அவிழ்த்தபோதுதான் யாரென்று தெரிந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"நான் தர்றேன் அக்கா. மறுபடி எழுதிக்கோங்க" என்றாள். அவள் என்னிடம் முழுத் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா ஆச்சு?"

"அம்மா ரெண்டு நாளா சாப்பிடல. 'அந்த அக்கா ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு சொல்லிச்சு, அப்ப நீதான் உள்ள போய் ஏதோ சொல்லியிருக்க' அப்படின்னு கேட்டுட்டே இருக்காங்க. நான் இல்ல இல்லன்னேன். நம்பல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க கைக்கு அக்கா சொன்னீங்க? கைக்கு?"

எங்கள் தெருப் பாஷையில் 'கைக்கு' என்றால் ஏன். ஒருத்தியின் மூக்கை உடைக்க வேண்டியிருந்தது, அதற்கு உன் வயிற்றை எடுத்துக்கொண்டேன் என்றா சொல்வது? "ஏம்மா, விருப்பமில்லன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் உன்னைச் சின்னப் புள்ளையிலேந்து பாத்துக்கிட்டு இருக்கேனே" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. என்னிடம் சொல்லாமல் அவளிடம் ஏன் சொன்னாள்?

"உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். அம்மா உக்காந்திருந்தாங்க. நீங்க போகச் சொல்லல" என்றாள். பிறகு, "அதுவும் இல்லாம நீங்க நம்ம காலனி. உங்களுக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும் தெரியும். அந்த மேடம் யாருனே எனக்குத் தெரியாது. அதனாலதான் சொன்னேன்" என்றாள்.

ஏழு வருஷமாக நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த 'நம்ம பொண்ணு' அந்த இடத்தில் கீழே விழுந்தது.

"ஏன் வேணாம்னு நினைக்கற?" என்று கேட்டேன்.

"பயம் அக்கா. அந்தே" என்றாள். அவ்வளவுதான் என்று.

பயம் எல்லாம் ஒரு காரணமா, உன் அண்ணன் அங்கே படுத்திருக்கிறான் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பயத்துக்கு மதிப்பெண் போட நான் யார் என்று அதற்குப் பின்னால் இன்னொரு எண்ணமும் வந்தது. எனக்கு யார் வயிற்றையாவது கிழித்து எதையாவது எடுக்கிறேன் என்று சொன்னால் நான் எவ்வளவு பயப்படுவேன்? டைரியின் கடைசிப் பக்கத்தில் இருந்த மூன்றாவது கேள்வி ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு வழி இருந்தது. அதை அடைத்தது நான். இப்போது அவள் சொல்லும் சம்மதத்தை நான் எழுதினால், அது அவள் கொடுப்பதாகாது, நான் பிடுங்குவதாகும். படிவத்தை மேஜைக்குள் போட்டுப் பூட்டினேன். திங்கட்கிழமை வரை வீட்டில் எதுவும் பேசாதே என்று சொல்லி அவளை அனுப்பி வைத்தேன்.

கோயமுத்தூர்க்காரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வராந்தாவில் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவள் டிபன் டப்பாவை மூடி வைத்தாள். அவள் பெருந்தன்மையாக ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. நல்லவேளை, கோபப்பட்டாள். "எம்மேல கோவம்னா என்னைய ரெண்டு திட்டு திட்டியிருக்கலாமுங்க்கா. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?" என்றாள்.

பிறகு இருவரும் யோசித்தோம். முதல்முறையாகச் சேர்ந்து யோசித்தோம். உண்மையை அத்தையிடம் சொல்லலாமா? சொன்னால் அந்தப் பெண் அந்த வீட்டில் இருக்க முடியாது, நாம் கொடுத்த வாக்கும் போச்சு. பேசாமல் இருந்துவிடலாமா? சந்தேகம் அவளை நச்சரித்தே சம்மதிக்க வைத்துவிடும். அவள் உடம்பில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாமே என்றேன் நான். அவள் தலையசைத்தாள். "காலனியில பேசமாட்டாங்களா? நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவங்க காதுக்குப் போகாதுங்களா? அதுக்குத்தானுங்க்கா பொருந்தலைன்னு எழுதினது. குறை அவகிட்டயும் இல்ல, அவங்கண்ணன்கிட்டயும் இல்ல."

அந்த ஒரு வார்த்தையை அவள் எவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அந்த நேரத்திலும் பொறாமையாகத்தான் இருந்தது. நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது.

"பழைய ரிப்போர்ட்டை நான்தான் உங்ககிட்ட குடுத்துட்டேன்னு வேணா வந்து சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள்.

அது உதவாது என்பதை நானேதான் கண்டுபிடித்தேன். அந்த விஷயத்தில் நானே யோசித்து எட்டிய ஒரே முடிவு அதுதான். அத்தை நம்புவது என் வார்த்தையை. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்ற என் வார்த்தை பொய்யானால்தான் அந்தப் பெண் தப்பிப்பாள். அப்படியென்றால் இந்தக் கதையில் முட்டாளாக வேண்டியவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை லாலாகுடாவுக்குப் போனேன். மாமா வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கதவு எல்லாம் திறந்து கிடந்தது. எங்கள் வரிசையில் பகலில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். "நான் பாத்தது முதல்ல எடுத்த டெஸ்ட்தான் அத்தை. கடைசியா ஒண்ணு எடுத்தாங்க. வகை ஒண்ணா இருந்தும் அதுல ரெண்டு பேர் ரத்தமும் ஒத்துப் போகல. அதை எனக்குச் சரியா படிக்கத் தெரியல. அவசரப்பட்டு உங்ககிட்ட உளறிட்டேன்."

அத்தை என்னையே பார்த்தார். "படிக்கத் தெரியாமயாடி இத்தினி வருசமா அங்க உக்காந்துன்னு கீற?"

"ஆமா அத்தை."

"எம் பொண்ண நான் ரெண்டு நாளா என்னென்னமோ கேட்டுட்டேனேடி, உன் பேச்ச நம்பி." சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அந்தப் பெண் அங்கேதான் இருந்தாள். "அந்தக் கோயமுத்தூர்ப் பொண்ணு படிச்சவ. கதவச் சாத்தி அவ்ளோ நேரம் விசாரிச்சு எழுதினா. அவகிட்ட போய் கொஞ்சம் கத்துக்க."

பல்லைக் கடித்துக்கொண்டு, "கத்துக்கறேன் அத்தை" என்றேன். அந்தப் பெண் டீ கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தை அன்றைக்குச் சாயங்காலம் சாப்பிட்டார் என்று பிறகு தெரிந்தது.

அதற்கப்புறம் காலனியிலிருந்து வருகிறவர்கள் 'அந்த மேடம் இருக்காங்களா' என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் தெலுங்கு கற்றுக்கொண்டாள், அதையும் என்னிடமே கற்றுக்கொண்டாள். இரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தோம். நான் கதவைச் சாத்தப் பழகினேன், நாலு கேள்வியை டைரியைப் பார்க்காமல் கேட்கப் பழகினேன். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஒரு விஷயத்தில் எதிர்த்துப் பேச வாய் துடிக்கும்போது, இதை அவள் சொல்லாமல் வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் என்ன சொல்வேன் என்று என்னையே கேட்டுக்கொள்ள மட்டும் பழகியிருந்தேன். இது அவளுடைய பலகையில் இல்லாத ஐந்தாவது கேள்வி. பிறகு அவள் புருஷனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். வழியனுப்பு விழாவில் டாக்டர் பேசிய பேச்சைக் கேட்டு எனக்கு அன்றைக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

இதை எழுதலாமா என்று அந்தத் தங்கையிடம் கேட்டேன். அவளுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். "பேர் போடாதீங்க அக்கா, அந்தே" என்றாள். போடவில்லை.

அண்ணன் மூன்றரை வருஷம் டயாலிசிஸிலேயே இருந்தான். அதில் இரண்டு தடவை ஐசியு வரைக்கும் போய் வந்தான். அந்த இரண்டு தடவையும் நான் தூங்கவில்லை. அவன் போயிருந்தால் நாங்கள் செய்தது சரிதான் என்று இன்று இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பேனா என்று தெரியாது. அவன் பிழைத்ததால் மட்டும் அது சரியாகிவிடாது என்பதும் தெரியும். ரத்த வகை சேராவிட்டாலும் மருந்து கொடுத்துக் கிட்னி மாற்றலாம் என்ற முறை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, மாமா தானே கொடுக்கிறேன் என்று வந்தார். ரிட்டயர் ஆகியிருந்தார். உடம்பு திடமாகத்தான் இருந்தது.

அத்தையும் கூட வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு இல்லியா? போயிடுச்சா? சரி, நீயே எழுதிக்க" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க வெளிய இருக்கணும் அத்தை."

"நானா? முப்பத்தஞ்சு வருசம் இந்த மனுசனோட குடும்பம் நடத்தினேன், நானா வெளிய போணும்?"

"ஆமா அத்தை. நீங்கதான்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் சுலபமாக நகர்ந்தது. மாமா அந்தச் சாத்திய கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் முதல் கேள்விக்கு முன்னால் அவர் கேட்டார்.

"அன்னைக்கு எம் பொண்ணு வேணாம்னுச்சா?"

நான் எப்படி முட்டாளானேன், எதற்காக ஆனேன் என்று ஒரு ஆளுக்காவது தெரிய வேண்டும் என்று நாக்கு அரித்தது. இவர் ஏற்கெனவே பாதி யூகித்திருக்கிறார், மிச்சப் பாதியைச் சொன்னால் என்ன? கதவும் சாத்தித்தான் இருக்கிறது.

"பொருந்தல மாமா. நான்தான் ரிப்போர்ட்டைத் தப்பா படிச்சிட்டேன்."

என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"சரிம்மா" என்றார். "அந்தக் கோயமுத்தூர்ப் பொண்ணு இருந்திருந்தா அதுகிட்ட சொல்லியிருப்பேன். பரவால்ல, உங்கிட்டயே சொல்றேன். எனக்கு பயமா கீதும்மா. வீட்ல சொல்லிடாத."

வயிறு எரிந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சொல்லுங்க மாமா" என்றேன்.